ஒரு கிளைகூட இறங்கலை

செடியைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மூன்றாவது கிளையும் இறங்கி மண்ணைத் தொட்டது.

கோவிந்தன் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார்.

"அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

மைதிலி அம்மாள் காபித் தம்ளரோடு வாசலுக்கு வந்தார். செடியைப் பார்த்ததும் தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார்.

"என்ன கோவிந்தன் இது?"

"தெரியலம்மா. கயித்த அவுத்தேன். ஒவ்வொண்ணா இறங்குது."

"நீங்க ஏதாவது பண்ணினீங்களா?"

"தொடக்கூட இல்லம்மா."

"தொடாம எப்படி இறங்கும்?"

அதற்குப் பதில் சொல்வதுபோல நான்காவது கிளை மெதுவாக வளைந்து, தலையிலிருந்த சிவப்புப் பூங்குஞ்சத்தோடு கீழே வந்தது.

செடி குன்னூரிலிருந்து புதன்கிழமை வந்தது. அடி முதல் நுனி வரை சாக்குச் சுற்றி, கயிற்றால் இறுக்கி, சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்றது. கோவிந்தன்தான் குழி வெட்டி நட்டார். வீட்டுக்காரர் சேஷகிரி பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே மைசூருக்குக் கிளம்பிப் போய்விட்டார். அங்கே அவருடைய அண்ணனுக்குக் கண் ஆபரேஷன்.

போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குக் காலைல சாக்கைப் பிரி. ஒரு கிளை முறியக் கூடாது. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நடுவர்கள் வர்றாங்க."

பெங்களூர் தொம்மலூரில் அந்தத் தெருவில் ஆகஸ்டு மாதத் தோட்டப் போட்டி என்றால் சேஷகிரிக்குத் தூக்கம் வராது. எதிர்வீட்டு ஸ்ரீகண்டன் மூன்று வருஷமாகப் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார். அதனால் புதுச்செடி என்ன ரகம் என்பதைச் சேஷகிரி யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் சொன்னால் அது ஸ்ரீகண்டன் பெண்டாட்டிக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். செடியோடு வந்த பெயர்ச்சீட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோவிந்தனுக்கு இங்கே ஒரு மாதம் பரீட்சார்த்த வேலை. ஞாயிற்றுக்கிழமையோடு மாதம் முடிகிறது. பிடித்திருந்தால் வேலை நிரந்தரம், பின்கட்டில் இருக்கிற தகரக்கூரை அறையும் அவருக்கும் மனைவி சம்பூர்ணத்துக்கும். பிடிக்காவிட்டால் மறுபடி தங்கவயல். அங்கே சுரங்கத்தை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. மூடியதிலிருந்து அவர் இருட்டில் எழுந்து மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் ஏதாவது கட்டடத்தில் கல் சுமந்து, ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கல்தூசி குடித்த நெஞ்சு. ரயிலுக்கு ஓடினால் நாலாவது பெட்டியிலேயே நின்றுவிடும். இன்னொரு வருஷம் அந்த ரயில் தன்னால் ஆகாது என்று அவருக்குத் தெரியும். சம்பூர்ணத்துக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

"தண்ணி போதலையோ?" என்றார் மைதிலி அம்மாள்.

கோவிந்தன் இரண்டு குடம் ஊற்றினார். மண் குழைந்தது. ஐந்தாவது கிளை இறங்கியது.

"அவர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். பிள்ளை பிறந்தப்பகூட அப்படிச் சிரிக்கலை மனுஷன். சிரிச்சுண்டே அந்தச் சாக்கைத் தடவிக் குடுத்துட்டுப் போனார்."

"பயப்படாதீங்கம்மா. தொங்குறத நிறுத்துறதுதான் என் தொழிலே."

அது பொய் இல்லை. சுரங்கத்தில் கோவிந்தன் டிம்பர்மேன். தலைக்குமேல் பாறை எங்கே இறங்கப் பார்க்கிறதோ அங்கே மரத்தை நட்டு, மேலே தொப்பிக் கட்டை வைத்து, ஆப்படித்து நிறுத்துகிற வேலை. அந்தப் பழக்கம் மேலே வந்தும் விடவில்லை. பின்கட்டு அறையில் குடிவந்த முதல் நாளே, நன்றாக இருந்த கூரைக்கு நடுவில் ஒரு முட்டு வைத்தார். பிறகு அலமாரிப் பலகைக்கு ஒன்று. துணிக்கொடிக்கு ஒன்று.

"விட்டா எனக்கும் ஒண்ணு வெச்சிடுவ" என்று சம்பூர்ணம் சொல்லியிருந்தாள்.

கொய்யா மரத்தில் கவட்டைக் கம்புகளாக வெட்டினார். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கவட்டை. கிளையை ஏந்திக்கொண்டதும் கம்பு ஈர மண்ணில் இறங்கியது. கம்புக்கடியில் தட்டைக்கல் வைத்தார். கல் வைக்க இடம் வேண்டும். டேலியாப் பாத்தியில் பாதி போயிற்று. மத்தியானத்துக்குள் பதினான்கு கவட்டைகள். பாத்தியில் கால் வைக்க இடமில்லை. ஆனால் கிளையெல்லாம் மேலே பார்த்து நின்றன.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. மைதிலி அம்மாள் எடுத்தார். கோவிந்தன் வாசல்படியில் நின்றார்.

"சொல்லுங்கோ... ஆமா, காலைலயே பிரிச்சாச்சு... கிளையா? ஒண்ணும் இறங்கலை. சாக்குல எப்படி இருந்ததோ அப்படியே நிக்கறது... சத்தியமாத்தான் சொல்றேன்... ஒண்ணுகூட இறங்கலை. ஏன் சந்தேகப்படறேள்?"

கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றார். பிறகு வைத்துவிட்டார்.

"இன்னா சொன்னாரும்மா?"

"ஒண்ணும் சொல்லலை. பெருசா மூச்சு விட்டார்."

"நிம்மதியா?"

"அப்படித்தான் இருக்கணும். 'ஒண்ணுகூடவா' ன்னு ரெண்டு தடவை கேட்டார்."

"நம்ப முடியல போல."

"நம்பற மாதிரி வெச்சுக்கோங்க கோவிந்தன். ஞாயித்துக்கிழமை வரைக்கும். உங்க வேலையும் போகும், என் நிம்மதியும் போகும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையோடு காற்று வந்தது. கிளைகள் தொங்கியிருந்தால் காற்று உள்ளே புகுந்து போயிருக்கும். எல்லாவற்றையும் தூக்கிக் கட்டியதால் செடி கப்பல் பாய் மாதிரி ஆகிவிட்டது. காற்று அதை ஒரு பக்கமாகப் பிடித்துத் தள்ளியது. கவட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அடித்தண்டு லேசாக ஆடியது. வேர்ப்பக்கம் மண் பிளந்தது.

கோவிந்தன் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். சம்பூர்ணம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இன்னாய்யா பண்ற?"

"ஆடுது."

"ஆடினா ஆடட்டும். உள்ள வா. இருமல் வரும்."

"விட்டா விழுந்திரும்டி."

"செடிதானே."

"செடியா? அந்த ரூமு. உன் அடுப்பு. எல்லாம் இதுமேலதான் நிக்குது."

சம்பூர்ணம் சாக்கை அவர் தலையில் போட்டுவிட்டு, மறுபக்கம் போய்ச் செடியை அவளும் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கோவிந்தன் பக்கத்து மனைக்குப் போனார். அங்கே நாலு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் முனியப்பனும் தங்கவயல் ஆள். சுரங்கத்தில் எழுபத்தொன்பதாம் லெவலில் கோவிந்தனுக்குக் கம்பு தூக்கிக் கொடுத்தவன்.

"நாலு நீலகிரிக் கம்பு வேணும் முனியப்பா. பத்தடி."

"சென்ட்ரிங் கம்பா? மேஸ்திரி கொன்னுடுவான் அண்ணா."

"திங்கக்கிழமை குடுத்துடறேன்."

"எதுக்கு? பந்தலா?"

"செடிக்கு முட்டு."

முனியப்பன் அவரைப் பார்த்தான். "செடி எவ்ளோ ஒசரம்?"

"என் நெஞ்சு மட்டும்."

"பத்தடிக் கம்பு?"

"கால் மூணடி உள்ள போவணும். மேல தொப்பி. நடுவுல குறுக்கு. நீ கம்பு தூக்கின ஆள்தான, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குற."

"தெரியும் அண்ணா. பாறைக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கம்பைத் தோளில் ஏற்றினான். பழைய வேலை கையில் பட்டதும் அவனுக்கும் முகம் மாறிவிட்டது. இரண்டு பேருமாக மூன்று குழி தோண்டினார்கள். செடியைச் சுற்றி மீதியிருந்த டேலியாவும் போயிற்று. கம்பு நட்டு, கடப்பாரைப் பின்புறத்தால் தட்டிப் பார்த்தார்கள். 'டங்' என்றது. நல்ல சத்தம்.

நான்காவது குழி தோண்டும்போது உள்ளே போன் அடித்தது. மைதிலி அம்மாள் ஓடினார்.

"சொல்லுங்கோ... இப்பவும் அப்படியேதான். காத்தடிச்சும் அசையலை... ஏன் கத்தறேள்? நல்ல விஷயம்தானே சொல்றேன்... கோவிந்தன் வெளில இருக்கார். என்ன சொல்லணும்? சொல்லுங்கோ... அதை...?"

வெளியே கடப்பாரை எதிலோ இறங்கியது. கோவிந்தன் இழுத்துப் பார்த்தார். கறுப்பாக ஒரு வேர். வேருக்குள் செம்புக்கம்பி.

மைதிலி அம்மாள் வெளியே வந்தார். "போன் செத்துப் போச்சு."

கோவிந்தன் கையிலிருந்த இரண்டு முனைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு முன்னால் கொண்டுவந்து காட்டினார். முப்பது வருஷ வேலையில் தப்பை மறைத்தவன் அடுத்தவனைக் கொன்றிருக்கிறான். அந்தப் பயம் இருந்தது.

"வேருன்னு நெனச்சேன்மா."

"ஐயோ. அவர் ஏதோ சொல்ல வந்தார். 'உடனே கோவிந்தன்கிட்ட சொல்லு, அதை' ங்கறதோட போயிடுத்து."

மூன்று பேரும் யோசித்தார்கள்.

"'அதைப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்லு' ன்னு இருக்கும்" என்றான் முனியப்பன்.

"பத்திரம்னா இப்படியா கத்துவார்? 'அதை விட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்' ன்னு வந்திருப்பார்" என்றார் மைதிலி அம்மாள்.

கோவிந்தன் கம்பிக்குப் பக்கத்தில் ஓரடி தள்ளி வேறு குழி தோண்ட ஆரம்பித்தார்.

சாயங்காலத்துக்குள் கூடு எழும்பிவிட்டது. நாலு கால், நாலு தொப்பி, குறுக்கே கொய்யாக் கம்புகள். ஒவ்வொரு கிளையும் தேங்காய்நார்க் கயிற்றில் மேலே இழுத்துக் கட்டியிருந்தது. இழுத்த இழுப்பில் பூக்குஞ்சங்களில் பாதி உதிர்ந்து கிடந்தன.

மைதிலி அம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "பூவில்லாத செடிக்கு யார் பரிசு குடுப்பா?"

"நூல் இருக்காம்மா?" என்றாள் சம்பூர்ணம்.

"என்ன நூல்?"

"பூக்கட்டுற நூல்."

தலைக்குக் கட்டுகிற மாதிரியே இரண்டு பெண்களும் உட்கார்ந்து, உதிர்ந்த குஞ்சங்களை ஒவ்வொன்றாகக் கிளையில் வைத்து முடிச்சுப் போட்டார்கள். ஆண்கள் கிளையைப் பிடித்துக்கொண்டார்கள். முன்பின் பேசிப் பழகாத இரண்டு பெண்களும் அந்த வேலையில் நன்றாகப் பேசிக்கொண்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார் மைதிலி அம்மாள்.

"எங்க கல்யாணத்துல பந்தக்காலைப் புடிச்சு ஆட்டிப் பார்த்துட்டுத்தாம்மா தாலியே கட்டினாரு."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முனியப்பன் மூச்சிரைக்க வந்தான்.

"அண்ணா, கெட்டுது காரியம். இன்னிக்கே கான்கிரீட் போடறாங்களாம். மேஸ்திரிக்குக் கம்பு கொறையறது தெரிஞ்சுபோச்சு. நாலையும் இப்பவே குடு, இல்லன்னா என் வேலை போச்சு."

கோவிந்தன் கூட்டைப் பார்த்தார். முனியப்பனைப் பார்த்தார். அவனுக்கும் தங்கவயலில் வீடு ஒழுகிக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கோ" என்றார். "ஆனா ஒண்ணொண்ணா. ஒரு காலை எடுத்தா மாத்துக் கால் உள்ள போன பொறவுதான் அடுத்தது. ரூல் ஞாபகம் இருக்குதுல்ல?"

வீட்டு ஏணியைப் பிரித்தார்கள். இரண்டு கால் கிடைத்தது. மைதிலி அம்மாள் துணி காயப்போடும் கம்பத்தைக் காட்டினார். மூன்று. நான்காவது கம்புக்கு வீடு முழுக்கத் தேடினார்கள். கட்டில் கால் குட்டை. பரணில் இருந்த மூங்கில் உளுத்துப் போயிருந்தது. மணி பத்து.

கோவிந்தன் பின்கட்டு அறைக்குள் போனார். நடுவில் தான் வைத்த முட்டின்மேல் கையை வைத்தார். கூரை நன்றாகத்தான் இருந்தது என்று சம்பூர்ணம் சொல்லியிருந்தாள். அதை நம்பி ஆப்பைத் தட்டி உருவினார்.

முட்டு வைத்த ஒரு மாதத்தில் கூரையும் அந்த முட்டுக்குப் பழகிப்போயிருந்தது. உருவியதும் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். தகரம் நடுவில் ஒரு முழம் இறங்கி, சம்பூர்ணத்தின் அடுப்புக்கு மேலே வந்து நின்றது.

அவள் அடுப்பிலிருந்த குழம்பை இறக்கித் தரையில் வைத்தாள்.

"செடி நிக்குது. வீடு தொங்குது. போ, போயி நடு."

பத்தே முக்காலுக்குக் கடைசி ஆப்பு இறங்கியது. கோவிந்தன் தட்டிப் பார்த்தார். 'டங்'. இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார்.

வாசலில் ஆட்டோ நின்றது. சேஷகிரி இறங்கினார். நாலு நாள் தாடி. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"வந்துட்டேளா? அண்ணா எப்படி இருக்கார்? ஆபரேஷன் ஆச்சா?" என்று மைதிலி அம்மாள் கேட்டைத் திறந்தார்.

"நாளைக்கு. போனை ஏன் எடுக்கலை? நேத்துலேர்ந்து அடிச்சு அடிச்சு..." அவர் பதிலுக்கு நிற்கவில்லை. பையோடு நேரே தோட்டத்துக்குப் போனார்.

கூட்டுக்கு முன்னால் நின்றார். கூட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பத் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார். பை கையிலிருந்து நழுவியது.

"கோவிந்தன்."

"ஐயா."

"இது என்ன?"

"முட்டுங்கய்யா. கால் மண்ணுக்குள்ள மூணடி போயிருக்குது. யானை வந்து மோதினாலும் நிக்கும். நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்குது பாருங்க. ஒரு கிளைகூட இறங்கலை."

சேஷகிரியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கண் கலங்கியிருந்தது. மைதிலி அம்மாள் அதைப் பார்த்துத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஒரு மனுஷனுடைய உழைப்பைப் பார்த்து கணவர் கலங்கி அவர் பார்த்ததே இல்லை.

அதற்குள் கேட் மணி அடித்தது. நடுவர்கள் இரண்டு பேர். தொப்பி வைத்த பெரியவர் ஒருவர், கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட அம்மாள் ஒருவர். பின்னால் நோயல் என்ற இளைஞன், கையில் அட்டையும் காகிதமுமாக வந்தான். போட்டி நடத்துகிற சங்கத்தின் குமாஸ்தா.

சேஷகிரி வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினார். பாதியில் கை இறங்கிவிட்டது. சாய்வதற்கு ஏதாவது தேடி, ஏணிக்காலில் சாய்ந்துகொண்டார். ஏணிக்கால் அசையவில்லை.

பெரியவர் கூட்டைச் சுற்றிவந்தார். ஆப்பைத் தொட்டுப் பார்த்தார். கைத்தடியால் ஒரு காலைத் தட்டினார்.

"யாரப்பா இதைச் செய்தது?"

கோவிந்தன் ஓரடி முன்னால் வந்தார். சம்பூர்ணம் பின்கட்டு மூலையில் நின்று முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தானுங்க."

"எங்க கத்துக்கிட்ட?"

"தங்கவயல்லங்க. பூமிக்கடியில."

"நாற்பது வருஷமா தோட்டம் பார்க்கிறேன். ஒரு செடி இவ்வளவு நேரா நின்னு பார்த்ததில்லை. இல்லையா மேடம்?"

"ரொம்ப டிசிப்ளின்" என்றார் அந்த அம்மாள். "பூகூட ஒவ்வொண்ணும் முடிச்சுப் போட்ட மாதிரி கெட்டியா உக்காந்திருக்கு."

கோவிந்தன் மெல்ல மூச்சை விட்டார். நாலு நாளில் அதுதான் நெஞ்சு வலிக்காமல் விட்ட முதல் மூச்சு. சம்பூர்ணத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். மைதிலி அம்மாள் கணவன் பக்கம் குனிந்து, "இப்பவாவது சொல்லுங்கோ, அவருக்கு வேலை நிரந்தரம்னு" என்றார். சேஷகிரி ஏணிக்காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிக்கலாமா நோயல்?" என்றார் பெரியவர்.

நோயல் காகிதத்தைப் புரட்டினான். தோட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம் சார், இவங்க பேர் குடுத்திருக்கறது 'இயற்கையாத் தொங்கும் செடிகள்' பிரிவுக்கு; அந்தச் செடியை இன்னும் நமக்குக் காட்டவே இல்லையே."